நாலாவது வீடு

சங்கரன்கோவில்
9.2.2025

அன்புள்ள மாப்பிள்ளை வெங்கடேசுக்கு அத்தான் நல்லகண்ணு சொல்லி எழுதுவது. கோமதியம்மன் துணையில் இங்கே இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் அக்காவுக்கு முழங்கால் வலிதான் பனிக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கே உனக்கும் சுமதிக்கும் உடம்பு சுகந்தானா? பிள்ளை பொன்செல்வி காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறாளா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு சங்கதியை எடுத்ததும் நீ "சரி அத்தான், சரி அத்தான்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. எனக்கு எழுத்து தெரியாதது உனக்குப் புதிது இல்லை. நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். எட்டாம் வகுப்போடு நின்ற கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

டாக்சி ஸ்டாண்டில் பதினொரு வண்டி நின்ற இடத்தில் இப்போது ஆறு நிற்கிறது. செல்போனில் கூப்பிட்டால் வாசலுக்கு வருகிற கம்பெனி வண்டி வந்தபிறகு இந்தக் கதி. திருநெல்வேலியில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புவதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் வாடகை வாங்குவோம். கம்பெனிக்காரன் போகிற தூரத்துக்கு மட்டும் வாங்குகிறான். திரும்பும்போது அங்கே வேறு ஆளை ஏற்றிக்கொள்கிறான். எங்களுக்கு அந்த வித்தை தெரியவில்லை. முறைக்காக முதலில் நிற்கிற வண்டி மத்தியானம்வரை அசைவதில்லை. எனக்குப் பின்னால் வண்டி போடுகிற மாரிச்செல்வம் நேற்றுச் சொல்கிறான்: "அண்ணாச்சி, உம்ம வண்டிக்கு அடியில படுத்திருக்க நாய்ட்ட நெழலுக்கு வாடக கேளும்வே. அதாவது கெடைக்கும்."

புளியங்குடி ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் பரமசிவன் என்று ஒரு மேனேஜர், வேன் ஓட்ட வரச் சொல்கிறார். மாதச் சம்பளம். ஆனால் ஸ்டாண்டைவிட்டு இறங்கினால் என் முறை போய்விடும். மறுபடி ஏற முடியாது, அது ஸ்டாண்டு வழக்கம். நீ இத்தனை வருடம் கார் ஷோரூமில் இருக்கிறவன். வண்டியை வைத்துக்கொள்ளவா, விற்றுவிட்டுச் சம்பளத்துக்குப் போகவா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

சுமதிக்கும் பிள்ளைக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

உன் அத்தான்
நல்லகண்ணு

*

மதுரை
3.3.2025

மரியாதைக்குரிய அத்தானுக்கும் அன்பு அக்காவுக்கும் வெங்கடேஷ் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அக்கா முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாளா? தள்ளிப்போட வேண்டாம்.

கடிதம் எழுதினது நல்லது அத்தான். போனில் இதையெல்லாம் பேச முடியாது. இனியும் கடிதமே எழுதுங்கள். ஷோரூம் விலாசத்துக்கு வேண்டாம், அங்கே கைமாறிப் போகிறது. வீட்டுக்கே அனுப்புங்கள்.

அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்கள் தொழிலுக்கு என்ன மதிப்பு என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் நின்று பிடிக்கிற சவாரியை விடுங்கள். உங்களையே நம்பிக் கூப்பிடுகிற நிரந்தரமான வீடுகள் எவை, எந்த நாளில் எங்கே போகிறார்கள், என்ன வாடகை, அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று அக்காவிடம் விவரமாகச் சொல்லி எழுதுங்கள். நீங்கள் எதையும் மறப்பவர் இல்லை. நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

என்றும் உங்கள்
வெங்கடேஷ்

*

சங்கரன்கோவில்
10.3.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் நல்லகண்ணு. உன் கடிதம் கண்டு மனசு நிறைந்தது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அக்கா டாக்டரிடம் போகவில்லை, தைலம் தேய்க்கிறாள்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். எனக்குச் சோறு போடுவது நான்கு வீடு. மேலநீலிதநல்லூர் துரைப்பாண்டி சார், ரிட்டயர்டு வாத்தியார். அவர் சம்சாரத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலியில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். காலையில் இருட்டு விலகுமுன் வாசலில் நிற்க வேண்டும். திரும்பும்போது அந்த அம்மாவுக்குக் கழுத்து நிற்காது. முன் சீட்டைச் சாய்த்து, இடது பக்கம் ஒரு தலையணை கொடுத்து, ஏசியை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கிவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒருநாள் அந்த அம்மா மடியில் வாந்தி எடுத்துக் கூசிப்போனதைப் பார்த்து நானாகச் செய்தது.

ராயகிரி ராஜதுரை வீட்டில் இரண்டு பையன்கள் துபாயில். சித்திரையில் ஒருத்தன், ஆவணியில் ஒருத்தன் வருவான். திருவனந்தபுரம் ஏர்போர்ட். செங்கோட்டை தாண்டினதும் அந்த வீட்டு அம்மாவுக்கு மலைப்பாதையில் தலை சுற்றும், எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன். வாடகை பேச மாட்டார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்வேன், குறைந்ததே இல்லை.

நம் ஊர் மிளகாய் மண்டி செல்லச்சாமி வியாழன்தோறும் விருதுநகர் போவார். வண்டியில் பாட்டு ஆகாது. அவர் வியாபாரம் பேசினால் நான் காது இல்லாதவன் மாதிரி ஓட்ட வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்.

இந்த நான்கு வீடு இருக்கும்வரை எனக்குப் பயம் இல்லை என்றுதான் தோன்றுகிறது. நீ கணக்குப் போட்டுச் சொல்.

எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

நல்லகண்ணு

*

மதுரை
2.4.2025

அத்தானுக்கு வணக்கம். இங்கு வெயில் கொளுத்துகிறது, மற்றபடி குறையில்லை. அக்கா வெயிலில் அலைய வேண்டாம்.

நீங்கள் எழுதினதைச் சுமதியிடமும் வாசித்துக் காட்டினேன். எத்தனை நுணுக்கமாகச் செய்கிறீர்கள் என்று அவளுக்கு ஆச்சரியம். நான்கு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், மூன்றுதான் இருக்கிறது. நாலாவது வீடு யார் அத்தான்? அதையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும். உடனே எழுதுங்கள்.

என் யோசனையைக் கேட்டால், காலம் மாறிவிட்டது. இந்த வீடுகள் எத்தனை நாளைக்கு உங்களோடு இருக்கும் என்று சொல்ல முடியாது. வேன் வேலை வயதான காலத்தில் நிம்மதி. வண்டிக்கு விலை இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். ஆள் பார்த்துத் தருகிறேன்.

வெங்கடேஷ்

*

சங்கரன்கோவில்
16.6.2025

மாப்பிள்ளை வெங்கடேசுக்கு அத்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அக்கா சொல்கிறாள்.

நீ சொன்னது போலவே நடக்கிறது. சித்திரையில் ராஜதுரை வீட்டுப் பையன் துபாயிலிருந்து வந்தது எனக்கு அவன் வந்து இறங்கின பிறகுதான் தெரியும். கம்பெனி வண்டி. சரி, பிள்ளைகள் செல்போனில் பிடித்திருப்பார்கள் என்று விட்டேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை துரைப்பாண்டி சார் வாசலில் போய் நிற்கிறேன், அங்கே ஒரு வெள்ளை வண்டி நிற்கிறது. முன் சீட்டு சாய்ந்திருக்கிறது. இடது பக்கம் தலையணை.

சார் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். "நல்லகண்ணு, தப்பா நெனைக்காத. பாதி வாடகைல்லா. நாங்க ஒண்ணுமே சொல்லலப்பா. அவங்களே போன் போட்டு, செவ்வாயும் வெள்ளியுந்தான சார், அம்மாவுக்குத் தலகாணி வச்சிருக்கோம், ஏசி போட மாட்டோம்னு சொல்லுதாங்க. நீதான் சொல்லி அனுப்புனியோன்னு நெனச்சேன்" என்றார். நான் வண்டியைத் திருப்பினேன். மறு வியாழன் செல்லச்சாமியும் போய்விட்டார்.

சார் சம்சாரத்தை நான் வண்டியில் ஏற்றும் விதத்தை ஸ்டாண்டுக்காரர்களில் பார்த்தவன் ஒருத்தன்தான். என் வண்டி பழுது பார்க்க நின்றபோது ஒருதடவை மாரிச்செல்வம் வண்டியை வாங்கிக்கொண்டு போனேன், அவனும் கூட வந்தான். நேரே ஸ்டாண்டுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏலே, எஞ்சோத்துல கைய வச்சிட்டியல?"

"என்ன அண்ணாச்சி, வெறும் வயித்துல குடிச்சிட்டு வந்தீரா? வாய அளந்து பேசும்."

"கம்பெனிக்காரன்ட்ட எத்தன வாங்குன?"

அவன் என் கையை உதறினான். எதிர்க்கடையில் சூடம் வாங்கி, உள்ளங்கையில் ஏற்றி, எல்லோரும் பார்க்க மற்ற கையால் அடித்து அணைத்தான். "நான் சொல்லியிருந்தா எம்பிள்ளைக வெளங்காது" என்றான். கை கொப்பளித்துவிட்டது. நான் நம்பவில்லை. "சூடம் எத்தன பேரு அணைக்கான்" என்று சொன்னேன். அன்றிலிருந்து ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பின்னால் யாரும் வண்டி போடுவதில்லை. ஒரு வண்டி இடம் விட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

நான் செய்தது சரிதானா மாப்பிள்ளை? உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

நல்லகண்ணு

*

மதுரை
19.8.2025

அத்தானுக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும். அலைச்சல். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வர முடியவில்லை. அக்காவை நினைத்துக்கொண்டேன்.

மாரிச்செல்வம் விஷயத்தில் நீங்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. காசு என்று வந்தால் கூட இருப்பவன்தான் காட்டிக்கொடுப்பான். அவன் சகவாசம் விட்டதே நல்லது. வேன் வேலை பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. அந்தக் கம்பெனியிலேயே உங்கள் வண்டியைச் சேர்த்துவிடலாம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், சொல்லி வைக்கிறேன்.

வெங்கடேஷ்

*

சங்கரன்கோவில்
8.9.2025

திரு. வெங்கடேஷ் அவர்களுக்கு நல்லகண்ணு தெரிவிப்பது.

இது தங்கள் அக்கா கையெழுத்து இல்லை. தாலுகா ஆபீஸ் முன்னால் மனு எழுதுகிற சங்கரசுப்பு எழுதுகிறார். அவருக்குப் பழக்கம், 'தாங்கள்' என்றுதான் வருகிறது. மாற்றவா என்று கேட்டார். அது சரியாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்றேன்.

போன வாரம் மாரிச்செல்வம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டையைப் பிடித்த நாளிலிருந்து என்னோடு பேசாதவன். உள்ளே வரவில்லை. "திருநெல்வேலி ரோட்டுல கம்பெனி ஆபீசு தெறந்திருக்கான். டிரைவருகளக் கூப்பிட்டிருந்தான், போனேன். மேனேஜர் நாற்காலில உம்ம மச்சினன் உக்காந்திருக்காரு. நீரே போய்ப் பாத்துக்கிடும்" என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் தேவலை.

போய் எதிரே டீக்கடையில் நின்று பார்த்தேன். கம்பெனிச் சட்டை தங்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சித்திரையிலிருந்து வந்துபோகிறீர்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அந்த இடத்திலிருந்து அக்கா வீடு நடக்கிற தூரம். ஒருநாள் வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

தலையணை, எலுமிச்சம்பழம், பாட்டு போடாதது. இதை நான் வாய்விட்டுச் சொன்னது தங்களிடம் மட்டும்தான். அதைக் கொண்டுபோய் விற்றீர்கள். விற்றதோடு விடாமல், சூடம் அணைத்தவனைக் காட்டிக்கொடுப்பவன் என்று எழுதினீர்கள். நான் செய்தது சரியா என்று கேட்டவனுக்கு அதுதான் பதிலா?

இத்தோடு நிறுத்தியிருப்பேன். இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. திருவேங்கடம் இசக்கியம்மாள், பருத்திக் கமிஷன் கடைக்காரி, மாதம் ஒருதடவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரி போகிறவர், அவர் மட்டும் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார். கம்பெனியிலிருந்து போன் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்றார். மாசிக் கடைசியில் தங்களுக்குச் சொன்ன கடிதம் ஒரு சொல் விடாமல் எனக்கு மனப்பாடம். செல்லச்சாமிக்கு அடுத்து இசக்கியம்மாளைச் சொன்னேன். வாயைத் திறந்தால் மதுரைவரை மூடாத பொம்பளை என்று சொல்லிச் சிரித்ததுகூட நினைவிருக்கிறது. மற்ற மூன்று வீட்டைப் பிடித்தவன் இதை ஏன் விட்டான்?

பழைய கடிதங்களை எடுத்துவந்து சங்கரசுப்புவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஏப்ரல் மாதம் எழுதினதில் 'நாலாவது வீடு யார்' என்று கேட்டிருக்கிறீர்களாம். அந்த வரி அன்றைக்கு என் காதில் விழவில்லை.

வீட்டுக்குப் போய் தங்கள் அக்காவிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வீட்ட நான் எழுதல."

"ஏன் எழுதல?"

"என்னமோ மாதிரி இருந்துது. எல்லாத்தையும் சொல்லிட்டா நமக்கு என்ன இருக்கும்னு தோணுச்சி."

"தம்பி மேல சந்தேகமா?"

அடுப்பைத் தணித்தாள்.

"சந்தேகம் இருந்தா எங்கிட்டச் சொல்ல வேண்டாமாட்டி? மூணு வீட்ட எழுதிட்டு ஒரு வீட்ட மறைச்சிருக்க. நான் மாரிச்செல்வம் சட்டையப் பிடிச்சிட்டு வந்து நின்னப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அழுதாள். இத்தனை வருடம் நான் சொன்னது எதுவெல்லாம் காகிதத்தில் ஏறியது, எது ஏறவில்லை, வந்த காகிதத்தில் எது எனக்கு வாசிக்கப்பட்டது என்று எனக்கு இனி எப்படித் தெரியும்? அவளிடம் கேட்கலாம். கேட்டு என்ன செய்ய?

இங்ஙனம்
நல்லகண்ணு

*

சங்கரன்கோவில்
10.9.2025

தம்பி வெங்கடேஷ், அக்கா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் எனக்குத் தொடங்கத் தெரியும்.

தையில் உனக்கு ஷோரூம் வேலை போனதை எனக்குப் போனில் சொன்னாய். அத்தானிடம் சொல்லாதே, என்னைக் கேவலமாக நினைப்பார் என்றாய். சொல்லவில்லை. அவர் உன்னை ஷோரூமில் இருக்கிறவன் என்று எழுதச் சொன்னபோது அப்படியே எழுதினேன். வேலை இல்லாதவன் ஊர் வீடெல்லாம் எதற்குக் கேட்கிறான் என்று அப்போதே உறுத்தியது. என் தம்பியைப் போய் அப்படி நினைக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நினைக்கவும் முடியாமல், நம்பவும் முடியாமல் ஒரு வீட்டை மட்டும் விட்டேன். நீ அதையே திரும்பக் கேட்டு எழுதினபோது எனக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

இப்போது அவர் என்னிடம் எதையும் வாசிக்கச் சொல்வதில்லை. கரண்டு பில் வந்தால் எதிர்வீட்டுப் பையனிடம் காட்டிக் கேட்கிறார். மாத்திரை அட்டையை மெடிக்கலுக்கே எடுத்துப்போய்க் கேட்டுவிட்டு வருகிறார். சாப்பிடும்போது உப்பு குறைச்சல் என்றுகூடச் சொல்வதில்லை.

நீ வந்து அவர் காலில் விழுவாயோ என்ன செய்வாயோ, வா.

முருகம்மாள்

*

மதுரை
1.10.2025

அத்தான் அவர்களுக்கு வெங்கடேஷ். உங்கள் உடல்நலம் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை என்று தெரியும்.

திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வேலை போய், பொன்செல்விக்குப் பீஸ் கட்ட வழியில்லாமல் நின்றேன். சங்கரன்கோவில் பக்கம் நிரந்தர வாடிக்கை பிடித்துக் கொடுத்தால்தான் வேலை என்றார்கள். உங்கள் கடிதம் கையில் இருந்தது. நீங்கள் எப்படியும் வேன் வேலைக்குப் போய்விடுவீர்கள், அந்த வீடுகள் யாருக்கோ போகத்தானே போகின்றன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மாரிச்செல்வத்தைப் பற்றி எழுதினதுதான் பாவம். உங்கள் பார்வை என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்ற பயத்தில் எழுதினேன்.

ஒரு வழி சொல்கிறேன், மறுக்க வேண்டாம். உங்கள் வண்டியைக் கம்பெனியில் சேர்த்துவிடுங்கள். துரைப்பாண்டி சார் வீடு உட்பட மூன்று வீட்டையும் உங்களுக்கே தரும்படி நானே போட்டுத்தருகிறேன். கம்பெனிக்குக் கமிஷன் மட்டும். யாருக்கும் நஷ்டமில்லை. தீபாவளிக்கு நேரில் வந்து எல்லாம் பேசுகிறேன்.

அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் மேல் தப்பில்லை.

வெங்கடேஷ்

*

சங்கரன்கோவில்
13.10.2025

வெங்கடேசுக்கு நல்லகண்ணு சொல்வது. உயிரோடு இருக்கிறோம்.

இதை உன் அக்காதான் எழுதுகிறாள். நான்தான் எழுதச் சொன்னேன். இதை அவள் கையாலேயே எழுத வேண்டும்.

என் வீடுகளை எனக்கே தருகிறேன் என்கிறாய். துரைப்பாண்டி சார் சம்சாரத்துக்கு நான் தலையணை வைத்தது வாடகைக்கு இல்லை. இனி கம்பெனி சொல்லி வைத்தால் அது வாடகைக்குத்தான். அந்த அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? வண்டி சேராது.

ஸ்டாண்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் மாரிச்செல்வத்திடம், நான் பழி சொன்னது பொய், என் பெண்டாட்டி வீட்டு ஆள் செய்தது என்று சொன்னேன். அவன் கையை விரித்துக் காட்டினான். சூடம் சுட்ட இடம் தோல் உரிந்து வெள்ளையாக இருக்கிறது. "சரி அண்ணாச்சி, போங்க" என்றான். எத்தனை வருடமாக என்னை 'வே' போட்டுக் கேலி பேசினவன், 'போங்க' என்கிறான். நான் அங்கே இனி முறைக்கு நிற்க முடியாது. இறங்கிவிட்டேன். திருவேங்கடம் இசக்கியம்மாளிடம் அவனைக் கூட்டிப்போய்க் காட்டி, இனி இவன்தான் வருவான் என்று சொல்லிவிட்டேன். வண்டியை ராஜபாளையத்து ஆள் ஒருத்தர் வாங்கிப்போனார். ஐப்பசி முதல் தேதியிலிருந்து பரமசிவன் பள்ளிக்கூடத்து வேன்.

உனக்கு வேலை போனதை என்னிடம் நேரே சொல்லியிருந்தால், அந்த மூன்று வீட்டுக்கும் நானே உன்னைக் கூட்டிப்போய் நிறுத்தியிருப்பேன். நீ கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாய். உன் பிள்ளை படிப்பு நல்லபடி முடியட்டும். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு வர வேண்டாம். அதற்குப் பிறகும் வர வேண்டாம். அக்காவைப் பார்க்க வேண்டும் என்றால் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள். நான் தடுக்க மாட்டேன்.

இப்படிக்கு
நல்லகண்ணு (இடது பெருவிரல் ரேகை)

குறிப்பு: மேற்படியார் இக்கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து, தாம் சொன்னபடி இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொன்னார். அவருடைய மனைவியார் சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முழுவதும் வாசித்தேன். 'கோபம் ஆறினதும் நானே சொல்லி அனுப்புகிறேன், பொறுத்துக்கொள் தம்பி' என்று ஒரு வரி இருந்தது. அது தாம் சொல்லாதது என்றார். அடிக்கவா என்று கேட்டேன். வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எம் பேருக்குக் கீழ இருந்தா அவ எழுதுனதுன்னு கெடக்கட்டும். மேல இருந்தா அடிச்சிரும்" என்றார். மேலே இருந்தது.

அடித்தல் ஒரு வரி. திருத்தல் இல்லை.

சங்கரசுப்பு
மனு எழுதுபவர்